செடி வாடினால் உடனே தண்ணீரா? டெல்லி வெயிலுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

டெல்லியில் மே மாதத்துப் பிற்பகலில் பால்கனிச் செடி ஒன்று தலையைத் தொங்கப் போட்டால் கை தானாகவே சொம்பைத் தேடும். ஊரில் அப்படித்தானே பழகினோம்: வாடிற்றா, ஒரு சொம்பு ஊற்று. சென்னையிலோ கடலூரிலோ மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வந்து பாக்கி வேலையைப் பார்த்துக்கொள்ளும். இங்கே அந்தக் காற்று கிடையாது. மேற்கிலிருந்து வரும் லூ என்னும் அனல்காற்று ஒன்றுதான். அது வீசும் நாட்களில் பிற்பகல் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். கொடியில் போட்ட ஜீன்ஸ் ஒரு மணி நேரத்தில் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். இலையும் அப்படித்தான் ஈரத்தை இழக்கிறது.

டெல்லி மயூர் விஹாரில் மூன்றாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி, மேலே மொட்டைமாடியில் ஒரு மூலை. இவ்வளவு இடத்தில் பதினேழு கோடைகளாகச் செடி வளர்க்கிறேன். என்னிடம் செத்துப்போன செடிகளில் தாகத்தால் செத்தவை குறைவு. நேரம் கெட்ட நேரத்தில் ஊற்றியும், ஈரம் இருக்கும்போதே மேலும் ஊற்றியும், கொதிக்கிற தண்ணீரை ஊற்றியும் நானே கொன்றவைதான் அதிகம். தண்ணீர் குறைந்தாலும் இலை தொங்கும். தண்ணீர் மிஞ்சி வேர் அழுகினாலும் அதே மாதிரிதான் தொங்கும். பார்வைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் முதலில் அறிகுறி, பிறகு சொம்பு என்கிறேன்.

நாள் கணக்கையும் மனதில் வையுங்கள். ஊரில் கத்திரி மே 28-ஐ ஒட்டி முடிந்துவிடும், அப்பாடா என்று இருக்கும். இங்கே மே 25 வாக்கில்தான் நௌதபா என்று ஒன்பது நாளைச் சொல்லித் தலையில் கை வைப்பார்கள். 2024 மே 29 அன்று டெல்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது. பருவமழை டெல்லிக்கு வருவது வழக்கமாக ஜூன் 27 வாக்கில். ஆக ஏப்ரல் கடைசியிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதம் தாக்குப்பிடிக்க வேண்டும்.

எதையும் செய்வதற்கு முன் இரண்டு சோதனை

காலை ஐந்தரை மணிக்குச் செடியைப் பாருங்கள். அந்த நேரத்தில் செடி எப்படி நிற்கிறதோ அதுதான் அதன் உண்மையான நிலை. மத்தியானம் மூன்று மணிக்குப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அடுத்து, ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விடுங்கள். மேல்மண் டெல்லியில் எப்போதும் காய்ந்துதான் இருக்கும். அதை நம்பக் கூடாது. விரல் நுனியில் சில்லென்று மண் ஒட்டினால் ஈரம் இருக்கிறது. சின்னத் தொட்டியாக இருந்தால் தூக்கிப் பாருங்கள். நன்றாகத் தண்ணீர் குடித்த தொட்டியின் கனத்தைக் கை ஒருமுறை தெரிந்துகொண்டால் அதற்கப்புறம் விரலே தேவையில்லை.

மத்தியானம் துவள்கிறது, காலையில் நிமிர்ந்து நிற்கிறது

தண்ணீர் வேண்டாம். செம்பருத்தி, சுரைக்கொடி, பூசணி போன்ற அகன்ற இலைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான். இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஏற்றித் தர முடிவதில்லை. இலை தன்னைத் தொங்கவிட்டு வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. இரவில் வேர் கணக்கைத் தீர்த்துவிடும். இந்த நேரத்தில் ஊற்றினால் மண் சேறாகும், அவ்வளவுதான்.

கொடுக்க வேண்டியது நிழல். ஐம்பது சதவீத நிழல் தரும் பச்சை வலையை மேற்குப் பக்கம் கட்டுங்கள். எழுபத்தைந்து சதவீதம் என்று கடைக்காரர் அடர்த்தியானதை நீட்டுவார். மல்லியும் ரோஜாவும் அதற்குள் பூக்காது. வலையை இலையின் மேலேயே போர்த்தாதீர்கள், இரண்டடி தள்ளிக் கட்டினால்தான் இடையில் காற்று ஓடும். பழைய பருத்திப் புடவைகூடப் போதும். என் மனைவியின் இரண்டு சுங்குடிப் புடவைகள் நாலு கோடை தாங்கின.

காலையிலும் துவண்டிருக்கிறது, விரலுக்கு ஈரம் படவில்லை

இது தாகமேதான். ஊற்றுங்கள், ஆனால் அளவாக என்று பயந்து ஒரு குவளை ஊற்றாதீர்கள். பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் வேண்டும். அடித்துளை வழியாகத் தண்ணீர் சொட்டும் வரை, இரண்டு மூன்று தவணையாக. தினமும் மேலாக நனைத்துக்கொண்டே இருந்தால் வேர் மேலேயே சுற்றும், அங்கேதான் வெயில் அதிகம். ஆழமாக ஊற்றினால் வேர் கீழே இறங்கும்.

நேரம் காலை ஐந்திலிருந்து ஆறரைக்குள். சாயங்காலம் ஊற்றுகிறவர்கள் எட்டு மணி வரை பொறுங்கள். ஏழு மணிக்குக்கூட மொட்டைமாடித் தரையில் வெறுங்காலோடு நிற்க முடிவதில்லை. தொட்டிக்குள் மண் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மண்ணை மூடி வையுங்கள். இதை நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பேன். ஒரு முறை மூடினால் ஒரு வேளைத் தண்ணீர் மிச்சம். நம் வீடுகளில் தேங்காய் உரித்த நாருக்குப் பஞ்சமில்லை. பிய்த்து இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்கள். மார்ச்சில் இந்த ஊர் வேப்பமரங்கள் தெருத்தெருவாகச் சருகைக் கொட்டும்போது ஒரு கோணிப்பை நிறைய அள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிக் குவித்து வைத்திருப்பவரிடம் கேட்டால் சந்தோஷமாகத் தருவார். தண்டை ஒட்டி மட்டும் ஒரு விரற்கடை இடம் விடுங்கள்.

தினமும் ஊற்றுகிறேன், ஆனாலும் காய்கிறது. தண்ணீர் உடனே கீழே வந்துவிடுகிறது

எங்கள் கட்டடத்தில் தரைத்தளத்து மாமிக்குத் திருநெல்வேலி. அவருடைய குண்டுமல்லி போன மே மாதம் மொட்டோடு காய்ந்துகொண்டிருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு வேளையும் கொண்டுவந்து ஊத்தறேன்டா. இதுக்கு மேல என்ன பண்றது?"

"கீழே தட்டுல தண்ணி வரதா மாமி?"

"வராம? ஊத்தி வாயை மூடறதுக்குள்ள வந்துடறது."

அங்கேதான் பிடி கிடைத்தது. தொட்டியைச் சாய்த்து, ஓரத்தில் தட்டி, செடியை மண்ணோடு உருவி எடுத்தேன். வேர்ப்பந்தின் வெளிப்புறம் கறுத்து ஈரமாக இருந்தது. கட்டை விரலால் நடுவில் பிட்டுப் பார்த்தால் உள்ளே வறுத்த ரவை மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. வெள்ளை வேர் எல்லாம் அந்த வறண்ட நடுவில்தான். மாமி ஊற்றிய வாளித் தண்ணீர் அத்தனையும் மண்ணுக்கும் தொட்டிக்கும் இடையே விழுந்த இடுக்கு வழியாக வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. ஒரு சொட்டுகூட நடுவுக்குப் போகவில்லை.

தேங்காய் நார்த்தூள் அதிகம் கலந்த மண் ஒருமுறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைத் தள்ளும், எண்ணெய்ச் சட்டி மாதிரி. நர்சரியிலிருந்து வரும் செடிகளின் மண்ணும், களிமண் காய்ந்து சுருங்கிய தொட்டியும் இதே கதைதான். மேலிருந்து எத்தனை ஊற்றினாலும் பயனில்லை. செய்ய வேண்டியது: ஒரு அகன்ற டப்பில் தொட்டியின் முக்கால் உயரத்துக்குச் சாதாரணத் தண்ணீர் வைத்து, தொட்டியை அதில் உட்கார வையுங்கள். குமிழி குமிழியாக வரும். குமிழி நின்றதும், அரை மணியோ முக்கால் மணியோ ஆகலாம், எடுத்து நிழலில் வடியவிடுங்கள். இடுக்கில் புது மண் போட்டு அடைத்து, மேலே நார் போர்த்துங்கள். டப்பில் மிஞ்சிய தண்ணீர் அடுத்த தொட்டிக்கு.

மாமியின் மல்லி பத்தாவது நாள் துளிர் விட்டது. இப்போது அவர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, கேட்காமலே, ஒவ்வொரு தொட்டியாக டப்பில் இறக்குகிறார்.

துவண்டிருக்கிறது, ஆனால் மண் ஈரமாக இருக்கிறது

சொம்பைக் கீழே வையுங்கள். இது வேர் மூச்சுத் திணறுவது. அடித்துளையை முகர்ந்து பாருங்கள். நல்ல மண்ணுக்கு மழை வாசனை, அழுகிய வேருக்குச் சாக்கடை வாசனை. கீழ் இலைகள் மஞ்சளாகித் தொட்டவுடன் விழுவதும் இதற்குத் துணைச் சாட்சி.

பெரும்பாலும் துளைதான் அடைத்திருக்கும். பழைய குடைக்கம்பியைக் கீழிருந்து விட்டுக் குத்துங்கள். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், துளை தரையோடு ஒட்டாமல் இருக்கட்டும். நிழலுக்கு மாற்றி, விரலுக்கு ஈரம் படாமல் போகும் வரை ஒரு சொட்டு வேண்டாம், உரம் அறவே வேண்டாம். நாலைந்து நாளில் தேறவில்லை என்றால் உருவிப் பார்த்து, கொழகொழவென்ற கறுப்பு வேரை நறுக்கி, புது மண்ணில் வைத்து, இலையிலும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். பாதி வேரை வைத்துக்கொண்டு முழு இலையையும் அதால் காப்பாற்ற முடியாது.

தட்டில் தேங்கும் தண்ணீரை அன்றன்றைக்கே கொட்டுங்கள். செடிக்காக மட்டும் சொல்லவில்லை. டெங்கு கொசு அப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடுகிறது.

ஊற்றிய மறுநாளே வேகவைத்த கீரை மாதிரி ஆகிவிட்டது

இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. வந்த இரண்டாவது வருஷம். ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றி, ரயிலில் இரண்டு இரவு மடியில் வைத்துக் கொண்டுவந்த கறிவேப்பிலைக் கன்று. அப்பா கொல்லையில் தானாக முளைத்தது. இரண்டு வருஷத்தில் இடுப்பளவு வளர்ந்து, தாளிக்க வீட்டு இலையே போதும் என்ற நிலைக்கு வந்திருந்தது. ஜூன் மாதம் ஒரு நாள் நாலரை மணிக்கு வீடு திரும்பியவன், பாவம் வாடுகிறதே என்று மொட்டைமாடிக் குழாயில் ஹோஸைச் செருகி வேரில் பாய்ச்சினேன். கை நனைந்தபோது சுட்டது. சுட்டும் நான் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் குளிர்ந்துவிடும் என்று நினைத்தேன். மறுநாள் காலை இலைகள் எல்லாம் ஒரே பச்சையில், சாயம் போன மாதிரி தொங்கின. நாலாம் நாள் உருவிப் பார்த்தால் வேரின் தோல் கையோடு கழன்று வந்தது.

பிறகு ஒரு நாள் அதே நேரத்தில் பால் சூடு பார்க்கும் வெப்பமானியை அந்தக் குழாயடியில் பிடித்தேன். 49 டிகிரி. மொட்டைமாடியிலிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியும், வெயிலில் கிடக்கும் குழாயும், ஹோஸுக்குள் தேங்கியிருக்கும் தண்ணீரும் சேர்ந்து செய்யும் வேலை அது. 40-ஐத் தாண்டினாலே பெரும்பாலான வேர்கள் திணற ஆரம்பிக்கும்.

ஆகவே மேல்தொட்டித் தண்ணீரை விடியற்காலையில் மட்டும் எடுங்கள். அப்போதும் ஹோஸில் முதலில் வருவதை ஒரு வாளியில் பிடியுங்கள். புறங்கையை நீட்டிப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு மேல் தெரிந்தால் செடிக்கு ஆகாது. இரவே இரண்டு வாளி நிரப்பி வீட்டுக்குள் வைத்துவிட்டால் மறுநாள் காலை கவலையே இல்லை.

செடி இருக்கும் தொட்டியும் சுடும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி மேற்கு வெயிலில் நின்றால் ஓரத்து வேர் முழுக்க வெந்துவிடும். வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், அல்லது பெரிய மண்தொட்டிக்குள் அதை இறக்கி இடைவெளியில் சருகைத் திணியுங்கள். மண்தொட்டி சீக்கிரம் காயும் என்பது உண்மை. ஆனால் பக்கங்களில் ஈரம் ஆவியாவதால் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும், மண்பானைத் தண்ணீர் மாதிரி. எனக்குத் தெரிந்து டெல்லிக் கோடைக்கு அதுதான் நல்லது.

இலை ஓரமும் நுனியும் கருகுகின்றன

எந்தப் பக்கம் கருகியிருக்கிறது என்று பாருங்கள். மேற்குப் பக்க இலைகள் மட்டும் அப்பளம் மாதிரி நொறுங்கினால் அது லூ. தண்ணீர் கூட்டுவதால் தீராது. காற்றைத் தடுக்க வேண்டும். பால்கனிக் கம்பியில் கோணியோ, கூலருக்கு வாங்கிய வெட்டிவேர்த் தட்டியோ கட்டி அதை நனைத்து வையுங்கள். தொட்டிகளை நெருக்கி ஒரே கூட்டமாக வைத்தால் ஒன்றின் ஈரம் இன்னொன்றுக்கு உதவும். உயரமான முரட்டுச் செடி வெளியே, மென்மையானது உள்ளே. கருகிய இலையை உடனே கிள்ளிப் போடாதீர்கள், அதுவும் பின்னாலிருக்கும் இலைக்கு ஒரு தடுப்புதான்.

எல்லாப் பக்கமும், அதுவும் முதிர்ந்த இலைகளில், நுனி பழுப்பாகி உள்ளே ஏறுகிறதா? மண் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? அது உப்பு. டெல்லி வீடுகளில் இது வரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்: குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவியின் கழிவுத் தண்ணீர்.

அதைக் கொட்ட மனசு வராது, சரிதான். ஆனால் கணக்குப் பாருங்கள். உள்ளே போகும் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 600 என்று வையுங்கள். மூன்று லிட்டரில் ஒரு லிட்டர் குடிக்க வந்து இரண்டு லிட்டர் வெளியேறினால், மூன்று லிட்டரின் உப்பும் கிட்டத்தட்ட அந்த இரண்டு லிட்டரில்தான். ஏறக்குறைய 900 ஆகிவிடும். போர்வெல் தண்ணீர் உள்ளே போகும் வீடுகளில் இன்னும் மேலே. அதைத் தினமும் ஊற்றினால், தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு மண்ணிலேயே தங்கும். மண்ணில் உப்பு ஏற ஏற வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தில் கிடக்கும். அந்தத் தண்ணீர் தரை துடைக்க, கழிவறைக்கு, கார் கழுவ. செடிக்கு வேறு வழியே இல்லையென்றால் பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீர் கலந்து, சங்குப்பூ, போகன்வில்லா போன்ற தாங்கும் ஜாதிகளுக்கு மட்டும்.

கூலர்த் தொட்டியில் நாலு நாள் சுற்றிய தண்ணீரும் அப்படியே. ஆவியாகி ஆவியாகி மிஞ்சியது உப்புக் கஷாயம். கடினத் தண்ணீரை மென்மையாக்கும் கருவி போட்டிருக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதில் வருவது சோடியம். ஏ.சி.யிலிருந்து சொட்டுவது மட்டும் விதிவிலக்கு. அது காற்றின் ஈரம் குளிர்ந்தது, உப்பே கிடையாது. மே மாத வறட்சியில் கொஞ்சமாகவும் ஜூலையில் வாளி வாளியாகவும் வரும். நான் அதை மல்லிக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன்.

ஏற்கெனவே உப்பு படிந்திருந்தால் மேல்மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி எறியுங்கள். பிறகு மண்ணின் கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவி இறக்குங்கள். பத்து லிட்டர் மண்ணுக்கு இருபது லிட்டர். ஜூனில் அவ்வளவு தண்ணீர் செலவு செய்ய மனம் ஒப்பாது என்றால் சுரண்டுவதை இப்போது செய்துவிட்டு, கழுவுவதை முதல் மழைக்கு விடுங்கள். தொட்டியை வெட்டவெளியில் வைத்தால் போதும்.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

செம்பருத்தி, இட்லிப்பூ, மல்லி மூன்றிலும் வரும். இரும்பு ஏறவில்லை. மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் நம் கடினத் தண்ணீர் மண்ணைக் காரமாக்கி அதைப் பூட்டி வைத்துவிடுகிறது. உரக்கடையில் இரும்பு செலேட் (இரும்பு பூட்டிக்கொள்ளாமல் வேருக்குக் கிடைக்கும்படி செய்த உரம்) கேட்கும்போது ஈ.டி.டி.எச்.ஏ. வகையா என்று பாருங்கள்; மலிவான ஈ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் நிலைக்காது. கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவது நம் வீட்டுப் பழக்கம். நானும் ஊற்றுகிறேன். ஒரு பங்கு மோருக்குப் பத்துப் பங்கு தண்ணீர், உப்புப் போடாத மோர், மாதம் இரண்டு முறை. இந்த மஞ்சளுக்கு அது மட்டும் போதாது.

இலை தூசி படிந்த மாதிரி வெளிறி, அடியில் நூலாம்படை

தண்ணீர்க் குறை என்று இதற்கும் ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. இது செஞ்சிலந்திப் பேன். வெள்ளைக் காகிதத்தை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள்; விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அதுவேதான். வறண்ட சூட்டில் ஒரு வாரத்துக்குள் ஒரு தலைமுறை பெருகும். விடிகாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம். வேப்பெண்ணெய் அடிப்பதானால் லிட்டருக்கு 5 மில்லி, சோப்பு சில சொட்டு, இருட்டிய பிறகு மட்டும். பகலில் அடித்தால் இலை பொசுங்கும்.

தக்காளி, மிளகாய் பூ உதிர்கிறது

பகல் 35-ஐயும் இரவு 25-ஐயும் தாண்டினால் தக்காளியில் மகரந்தம் வேலை செய்யாது. ஊற்றி நிறுத்த முடியாது. மிளகாயைக் கவாத்து செய்து வைத்தால் மழைக்குப் பிறகு மறுபடி காய்க்கும். தக்காளியை விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் வெண்டையும் கொத்தவரையும் போடுங்கள், அவற்றுக்கு இந்தச் சூடு பிடிக்கும்.

குழாயில் தண்ணீரே வரவில்லை

ஜூனில், நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் வஜீராபாத்தில் யமுனை மட்டம் இறங்கினால் நகரத்துக்கே பற்றாக்குறை. லாரிக்கு வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே ஹோஸைத் திறக்க நமக்கும் கூசும். அந்த நாட்களில் யாருக்கு முதல் சொம்பு என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். நட்டு மூன்று வருஷத்துக்கு மேலான மல்லி, கறிவேப்பிலை, எலுமிச்சை இவைதான் முதலில். போனால் திரும்ப வராது. துளசி, வெற்றிலை அடுத்து. கீரையும் பூச்செடி நாற்றும் கடைசி, அவற்றை மழைக்குப் பிறகு நூறு ரூபாய்க்குள் மறுபடி தொடங்கலாம். கற்றாழைக்குப் பதினைந்து நாள் ஒன்றும் வேண்டாம்.

அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீர் தினமும் ஐந்தாறு லிட்டர் தேறும். அப்படியே ஊற்றலாம், தேக்கி வைத்துப் புளிக்க விடாதீர்கள். உப்பும் எண்ணெயும் கலந்த பாத்திரத் தண்ணீர் வேண்டாம்.

ஊருக்குப் போய்த் திரும்பினால் பாதி காய்ந்திருக்கிறது

பிள்ளைகளுக்கு லீவு விடுவதும் நாம் ரயில் ஏறுவதும் சரியாக இந்த நெருப்பு நாட்களில்தான். பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லதுதான், ஆனால் அவர்கள் பயந்து இரண்டு வேளை ஊற்றி அழுக வைப்பார்கள், அல்லது மறப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

எல்லாத் தொட்டிகளையும் வடக்குப் பக்க நிழலில் கூட்டமாக நகர்த்துங்கள். இது ஒன்றே தேவையைப் பாதியாக்கும். சின்னத் தொட்டிகளுக்குத் திரி: பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து விரல் கனத்துக்கு முறுக்கி, நனைத்து, ஒரு முனையை மூடி போட்ட வாளிக்கு அடி வரை, மறு முனையை மண்ணுக்குள் நாலு அங்குலம். வாளி தொட்டியைவிடச் சற்று உயரத்தில் இருக்கட்டும். பெரிய தொட்டிக்குப் பானை: சாலையோரம் குவித்து விற்கும் மட்கா என்னும் மண்பானைகளில் ஒரு லிட்டர் பிடிக்கும் குட்டியாக, வர்ணம் பூசாததாகப் பார்த்து வாங்கிக் கழுத்து வரை புதைத்து, நிரப்பி, அகல் விளக்கால் மூடுங்கள். மண் காயக் காயப் பானை கசியும். ஈரமாக இருந்தால் தானே அடங்கும். மண்ணின் பசி அறிந்து ஊட்டும் இந்தப் பானையை விட்டுவிட்டு வேறொன்றை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காலியாகும்போது யாராவது பானையை நிரப்பினால் போதும், அந்த வேலையில் யாரும் தப்புச் செய்ய முடியாது.

சொட்டுநீர்க் குழாயும் டைமரும் போடுகிறவர்கள், மேல்தொட்டிக்கு அடுத்த மாடியிலேயே இருந்தால் அழுத்தம் போதாது என்பதை நினைவில் வையுங்கள். டைமர் காலை ஐந்து மணிக்கு மட்டும். கடினத் தண்ணீர் சொட்டுமுனைகளை அடைக்கும். ஓர் இரவு வினிகரில் ஊறவிட்டால் திறந்துகொள்ளும். எந்த ஏற்பாடானாலும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே போட்டு, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே கை வைக்காமல் பாருங்கள்.

மழை வந்த பிறகு திடீரென்று சாகிறது

மே, ஜூனைத் தாண்டிய செடி ஜூலை இரண்டாம் வாரம் சாவதைப் பார்த்து மனமொடிந்து போனவர்களை எனக்குத் தெரியும். ஊற்றிய கை பழக்கத்தில் ஊற்றிக்கொண்டே இருக்கும். காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கி ஈரம் ஏறியதும் இலை இழப்பது குறைந்துவிடும், மண் காயாது, முன்னே சொன்ன வேர் அழுகல் ஆரம்பிக்கும். மழை தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். கூலரில் காற்று குளிராமல் உடம்பில் பிசுபிசுவென்று ஒட்டத் தொடங்குகிறதே, அன்று காலையே தண்ணீரைப் பாதியாக்குங்கள். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். மண்ணைப் போர்த்திய நாரையும் ஒரு பக்கமாக ஒதுக்கி, விரலை விட்டுப் பார்த்துவிட்டு மட்டும் ஊற்றுங்கள்.